138-க்குள் ஒளிந்திருந்த 92

பெண்ணின் தம்பி கொடுத்த பென்டிரைவில் ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. பெயர் 'என்ட்ரி ஃபைனல் ஃபைனல் 2'. நாலு நிமிடம் பத்து விநாடி ஓடும் ஆர்கெஸ்ட்ரா இசை. வயலின் கூட்டம் குசுகுசுவென்று ஆரம்பித்து, செல்லோக்கள் சேர்ந்து, பித்தளை வாத்தியங்கள் எழும்பி, கடைசியில் மண்டபத்துக் கூரையைத் தூக்கிவிடும் ஜாதி.

"அண்ணா, அக்கா நடந்து வந்து மேடை ஏறுற வரைக்கும் இது ஓடணும். ஏறி நின்ன அடுத்த செகண்டு குத்து. நடுவுல கேப்பே தெரியக் கூடாதுண்ணா."

வார நாட்களில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் பில் போடுகிறேன். சனி ஞாயிறுகளில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வட்டாரத்தில் மிக்ஸரும் லேப்டாப்புமாகத் திரிகிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று எதையும் விட்டதில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ரா என்றால் எங்கள் பக்கம் இத்தனை நாளும் கீபோர்டு, பேடு, இரண்டு பாடகர்கள் உள்ள மெல்லிசைக் குழு என்றுதான் அர்த்தம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு நிலைமை மாறிவிட்டது. 'சிம்பொனி மாதிரி ஏதாவது போடுங்க' என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. வேலைதான் கஷ்டம்.

ஃபைலை லேப்டாப்பில் போட்டதும் மென்பொருள் இரண்டு எண்களைச் சொன்னது. வேகம் 138, அதாவது நிமிடத்துக்கு அத்தனை தட்டு. கீ, அதாவது சுருதி, 4ஏ. அதே 138-ல், அதே 4ஏ-வில் ஒரு குத்து ரீமிக்ஸ் என்னிடம் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்ததும் திரையில் பச்சை விளக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்? பிரியாணி எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை தண்டையார்பேட்டை மண்டபத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் மேடையேறினாள். நான் குத்தை உள்ளே விட்டேன். ஆர்கெஸ்ட்ராவோ தன் கடைசி நாலு பாரில் (தாளத்தின் ஒரு சுற்றுதான் பார்) மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து அகலமாகிக்கொண்டிருந்தது. குத்து அதே 138-ல் பாய்ந்தது. ஒரு மாடு முன்னால் இழுக்க, இன்னொரு மாடு படுத்துக்கொள்ளும் வண்டி மாதிரி ஆயிற்று. அதோடு விட்டதா? கடைசி கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்து, விழுந்ததும் குத்தின் ராகமும் அதுவும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பையன் வாளியோடு நின்று, "ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சா அண்ணா?" என்று கேட்டான்.

எங்கள் தெருவில் ஒரு கிளாரினெட் மாமா இருக்கிறார். நாற்பது வருடம் பேண்டு செட்டில் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர்ப்பவனி, சாவு ஊர்வலம் என்று வடசென்னையின் எல்லாத் தெருக்களையும் வாசித்துக்கொண்டே நடந்து முடித்தவர். அன்று அவரும் பந்தியில் இருந்தார். மறுநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி நேத்து? அது மூச்சு வுடறதுக்குள்ள நீ ஓட்டமா ஓடிட்ட?"

"கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஒரே ஸ்பீடு மாமா. ஒரே கீ."

"சரிடா. அது எங்க முடியுதுன்னு காதுல கேட்டியா?"

கேட்கவில்லை. முழுப் பாட்டுக்கான எண்ணைத்தான் பார்த்தேன். ஆனால் அடுத்த பாட்டோடு ஒட்டப் போவது கடைசிப் பத்து விநாடிதானே?

அன்று இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த டிராக்கை ஒரு இருபது தடவையாவது கேட்டிருப்பேன். அப்புறம்தான் மென்பொருள் எப்படி எண்ணுகிறது என்பது புரிய ஆரம்பித்தது. ஒலி எங்கே திடீரென்று எழும்புகிறது என்று அது தேடுகிறது. அந்த எழுச்சிகளுக்கு நடுவே எந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறதோ அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. டிரம்ஸ் அடிக்கும் பாட்டில் இது கல்லுப்போல நிற்கும். வயலினின் வில்லோ ஒலியை வெடிக்க வைப்பதில்லை, ஊற வைக்கிறது. முப்பது பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒலி எந்தக் கணத்தில் பிறந்தது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. அதனால்தான் ஆர்கெஸ்ட்ராவைப் போட்டால் ஒரே டிராக்குக்கு ஒரு மென்பொருள் 69 என்கும், இன்னொன்று 138 என்கும். இரண்டும் பொய்யல்ல. பாதி வேகத்தில் கால் தட்டினாலும் பாட்டு கோபித்துக்கொள்ளாது.

இதற்குப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதலில் அரங்கேறியது. உலகமே அறிந்த அந்த நாலு ஸ்வரம், 'ட ட ட டாஆஆ'. முதல் பகுதிக்குப் பீத்தோவனே ஒரு வேக எண் கொடுத்திருக்கிறார். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்செல் என்பவர் காப்புரிமை வாங்கி இரண்டே வருடத்தில், 1817-ல், தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் எண்களை வெளியிட்டார். இதற்கு 108, அதாவது ஒரு பாருக்கு ஒரு தட்டு. ஆனால் பாட்டு தட்டில் ஆரம்பிப்பதே இல்லை. முதலில் ஒரு சின்ன மௌனம், பிறகு மூன்று குட்டி ஸ்வரங்கள், பிறகு இசைக்குழு நடத்துநர் விடும் வரைக்கும் பிடித்து நிற்கும் ஒரு நீள ஸ்வரம். மறுபடி மூன்று, மறுபடி அதைவிட நீளமான ஒரு நிறுத்தம். எண்ணைக் கொடுத்துவிட்டு, முதல் ஐந்து பாருக்குள்ளேயே இரண்டு முறை எண்ணை நிறுத்தி வைக்கிறார் மனுஷன். கம்ப்யூட்டர் போடும் சமஇடைவெளிக் கட்டங்கள் அங்கேயே சரிந்துவிடும்.

எல்லா ஆர்கெஸ்ட்ராவும் இப்படியில்லை. சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்யும்போது வாசிப்பவர்கள் காதில் ஹெட்போன் இருக்கும், அதில் 'டிக் டிக்' என்று கிளிக் ஓடும். படச்சுருள் காலத்தில் அந்தக் கிளிக்கை ஃபிரேம் கணக்கில்தான் சொன்னார்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால், 12 ஃபிரேமுக்கு ஒரு கிளிக் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. 10 ஃபிரேம் என்றால் 144. டிரெய்லர்களில் வரும் முழக்கங்களில் பல கம்ப்யூட்டரிலேயே தட்டிச் செய்தவை, அவற்றிலும் வேகம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் பொலேரோ தனி ரகம். 1928-ல் எழுதியது. கால்மணி நேரமும் ஒரே வேகம், ஒரு ஸ்னேர் டிரம் இரண்டு பார் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். நடத்துநர் டாஸ்கனினி அதை வேகமாக நடத்தினார் என்று ராவெல் அவரிடமே சண்டைக்குப் போனார். ஒரு டிஜே என்ற முறையில் என் ஓட்டு ராவெலுக்குத்தான். ஆனால் பொலேரோ மூன்று தட்டுப் பாட்டு. நாலு தட்டுக் குத்தோடு அப்படியே கட்டப் பார்த்தால் வேறு வம்பு.

'என்ட்ரி ஃபைனல் ஃபைனல் 2' கிளிக்கோடு பதிவானதுதான். 138, மூன்றே முக்கால் நிமிடம் வரை அசையவேயில்லை. கடைசி நாலு பாரில் மட்டும் கிளிக்கை நிறுத்திவிட்டு நடத்துநர் கையைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள். நான் ஒட்டவைத்த இடம் அதுதான்.

இனி கீ. இந்தச் சங்கதியை ஆங்கில எழுத்தில் படித்தபோது எனக்கு ஏறவேயில்லை. மாமா கட்டையில் சொன்னதும் ஏறிவிட்டது. ஆர்மோனியத்தில் சி என்பது 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. டிஜேக்கள் பயன்படுத்தும் கேமலாட் சக்கரம் இந்தப் பன்னிரண்டு சுருதிகளையும் கடிகாரம் போல 1 முதல் 12 வரை வட்டமாக அடுக்குகிறது. மேஜர், அதாவது நம் சங்கராபரணம் என்றால் பி. மைனர், அதாவது நடபைரவி என்றால் ஏ. இந்த ஏ, பி ஸ்வரப் பெயர்கள் அல்ல, வெறும் அடையாளம். சங்கராபரணம் 1 கட்டையில் என்றால் 8பி. அடுத்த வீடு 9பி, 5 கட்டை. அதாவது முதல் பாட்டின் பஞ்சமம் அடுத்த பாட்டுக்கு ஷட்ஜம். இரண்டுக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம், அதனால்தான் பக்கத்து வீட்டுக்குப் போனால் காது முகம் சுளிப்பதில்லை.

எண் மாறாமல் எழுத்து மட்டும் மாறினால், உதாரணமாக 8பி-யிலிருந்து 8ஏ-வுக்குப் போனால், ஸ்வரங்கள் எல்லாம் அதே ஸ்வரங்கள், ஷட்ஜம் மட்டும் இடம் பெயர்கிறது. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துப் பாடினால் நடபைரவி. நம்மவர்கள் இதைக் கிரகபேதம் என்று சொல்லி எத்தனையோ காலமாகிறது. சக்கரத்தில் இது பக்கத்து அறைக்குப் போகிற மாதிரி காட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சக்கரத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதற்குத் தெரிந்தது மேஜர், மைனர் என்ற இரண்டே ஜாதி. மாயாமாளவகௌளையில் ஒரு பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். இருக்கும் இருபத்துநாலு பெட்டிகளில் ஏதோ ஒன்றில் திணித்துவிட்டுப் பச்சை விளக்குக் காட்டும். கானாப் பாட்டு மெட்டுகளில் இது எனக்கு அடிக்கடி நடக்கிறது.

என் டிராக்குக்கு 4ஏ என்று சொன்னது எஃப் மைனர், அதாவது 4 கட்டையில் நடபைரவி. பொய்யில்லை. கீயைக் கண்டுபிடிக்க மென்பொருள் பாட்டு முழுக்கப் பன்னிரண்டு ஸ்வரங்களில் எது எவ்வளவு ஒலித்தது என்று கூட்டி, எந்த ஸ்வர வரிசைக்குப் பொருந்துகிறது என்று பார்க்கிறது. மூன்றே முக்கால் நிமிடம் மைனர் ஓடினால் தேர்தல் முடிவு மைனர்தானே? ஆனால் கடைசி இருபது விநாடியில் அந்த இசை கட்சி மாறுகிறது. அதே 4 கட்டை, ஆனால் மேஜர். சோகத்தில் நடந்த பாட்டைக் கடைசி கார்டில் மேஜராக்கி முடிப்பது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். ஐந்தாம் சிம்பொனியே சி மைனரில் ஆரம்பித்து, கடைசிப் பகுதியில் சி மேஜரில் வெற்றி முழக்கம் போட்டுத்தான் முடியும். அதன் முதல் பகுதிக்குள்ளேயே இரண்டாவது மெட்டு வேறு வீட்டுக்கு, ஈ-ஃபிளாட் மேஜருக்குப் போய்விட்டு வரும். இப்படிப்பட்ட பாட்டுக்கு ஒரே ஒரு கீ எழுதி ஒட்டுவது, ஒரு முழு பஸ் ரூட்டுக்கும் ஒரே ஒரு ஸ்டாப் பெயர் எழுதி வைப்பது போலத்தான்.

ஆக, அன்று நான் செய்தது இது. ஆர்கெஸ்ட்ரா மேஜர் கார்டில் அந்தர காந்தாரத்தோடு நிற்கிறது. என் குத்து மைனரில் சாதாரண காந்தாரத்தோடு வந்து இறங்குகிறது. ஆறாம் கட்டையையும் ஐந்தரைக் கட்டையையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பாருங்கள், பந்திப் பையன் கேட்ட கேள்விதான் உங்களுக்கும் வரும்.

கார்டு முடிந்த பிறகும் அது முடிவதில்லை என்பது இன்னொரு பாடம். ஆர்கெஸ்ட்ராவைப் பதிவுசெய்யும் பெரிய அரங்குகளில் ஒலி சுவர்களில் பட்டுப் பட்டு அடங்க நேரமாகும். வியன்னாவின் புகழ்பெற்ற மூசிக்ஃபெராயின் அரங்கில், ஆட்கள் நிறைந்திருக்கும்போதே ஏறத்தாழ 2 விநாடி. 120 வேகத்தில் 2 விநாடி என்றால் நாலு தட்டு, ஒரு முழு பார். அந்த ஒரு பார் முழுக்கப் பழைய சுருதி காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். டிரம்ஸ் பாட்டில் வெட்டு விழுந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆவி உண்டு.

சுருதி பற்றி மாமா இன்னொன்றும் சொன்னார். அவர் வாத்தியம் பி-ஃபிளாட் கிளாரினெட். அவர் 'சி' என்று படித்து ஊதினால் வெளியே வருவது ஆறரைக் கட்டை. மே மாத வெயிலில் ஊர்வலம் போனால் வாத்தியத்துக்குள் காற்று சூடேறிச் சுருதி மேலே ஏறும், அப்போது முகப்புத் துண்டை ஒரு நூல் வெளியே இழுத்துக்கொள்வார். பக்கத்தில் பறை அடிக்கும் பையன்கள் காகிதத்தைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டுவார்கள். ஆர்கெஸ்ட்ராக்களுக்கும் இதே கதைதான். உலகப் பொது அளவு ஏ என்ற ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ், ஆனால் வியன்னா, பெர்லின் பக்கம் 443-க்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அரைக் கட்டையில் எட்டில் ஒரு பங்கு அளவு வித்தியாசம். தனியாகக் கேட்டால் தெரியாது, கீபோர்டு பாட்டோடு சேர்த்துப் போட்டால் விளிம்பு உரசும். பழைய பரோக் பாணிக் குழுக்கள் 415-க்கு வைப்பதால் டி மேஜர் பாட்டு முழுசாக அரைக் கட்டை இறங்கி ஒலிக்கும். மென்பொருள் ஒலித்ததைத்தான் எழுதும், உறையில் அச்சடித்ததை அல்ல. அதனால் இப்போதெல்லாம் நான் உறையைப் படிப்பதில்லை, சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு பத்தியோடு விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுவே தனிப் பதிவாகிவிடும். குத்துப் பாட்டு ஆரம்பம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே சத்தம். ஆர்கெஸ்ட்ராவில் மெல்லிய இடத்துக்கும் முழக்கத்துக்கும் ஐம்பது டெசிபெல் வரை வித்தியாசம் வரும். கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில், ஃபேன் ஓட, ஜெனரேட்டர் உறும, சரக்கு ரயில் ஹாரன் அடிக்க, அந்தக் குசுகுசு வயலின் யாருக்குக் கேட்கும்? கேட்க வேண்டுமே என்று வால்யூமை ஏற்றி வைத்தால், பித்தளை எழும்பும் இடத்தில் மிக்ஸரில் வரிசையாகச் சிவப்பு. தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாலோ செல்லோவும் பேஸும் மாயமாகிவிடும், வெறும் கொசு வயலின்தான் மிஞ்சும். வீட்டிலேயே மெல்லிய பகுதியை ஒரு எட்டு, பத்து டெசிபெல் தூக்கி ஃபைலைத் தயார் செய்துவிட வேண்டும். சங்கீத சுத்தம் பார்ப்பவர்கள் மன்னிக்கவும்.

இரண்டு மாதம் கழித்து, அதே குடும்பத்தில் இன்னொரு கல்யாணம். அதே டிராக். போன முறை நடந்ததை மறந்துவிட்டார்களா, மன்னித்துவிட்டார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. டிராக்கை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். முடிவுக்கு முன்னால் வயலின்கள் 'டகடகடகடக' என்று ஓட்டும் இடம் வந்தது. மாமா தொடையில் தட்ட ஆரம்பித்தார். என் கால் தட்டியதற்கும் அவர் கை தட்டியதற்கும் ஒத்து வரவில்லை. ஆனாலும் தப்பாகவும் இல்லை.

"என்ன மாமா, தாளம் வேற மாதிரி தட்றீங்க?"

"நீ ரெண்டு ரெண்டா எண்ற. நான் மூணு மூணா எண்றேன். ஸ்வரம் அதேதான்டா."

கால்குலேட்டரை எடுத்தேன். நிமிடத்துக்கு 138 தட்டு, தட்டுக்கு இரண்டு ஸ்வரம், மொத்தம் 276. அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் 92. எங்கள் ஊர்க் குத்து முக்கால்வாசி திஸ்ரத்தில்தான் நடக்கும், 'தகிட தகிட' என்று. என்னிடம் 90-ல் ஒரு பாட்டு இருந்தது, இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்றினால் 92. அதன் சுருதி 2 கட்டை, நடபைரவிச் சாயல். சக்கரத்தில் 7ஏ. ஆர்கெஸ்ட்ரா முடியும் எஃப் மேஜர் 7பி. 4 கட்டைச் சங்கராபரணத்தின் தைவதம் எங்கே விழுகிறது? 2 கட்டையில். அதே ஸ்வரங்கள், பக்கத்து அறை. மென்பொருளிடம் கேட்டேன். 138-க்கும் 92-க்கும் பொருத்தமில்லை, 4ஏ-வுக்கும் 7ஏ-வுக்கும் பொருத்தமில்லை என்று இரண்டு சிவப்பு விளக்குக் காட்டியது.

நாலு தட்டு பார் ஒன்றுக்கு எட்டு ஸ்வரம். மூன்று பாருக்கு இருபத்துநாலு. திஸ்ரத்தில் இருபத்துநாலு என்றால் சரியாக எட்டுத் தட்டு. ஐந்து விநாடிக்குச் சற்று மேலே ஓடி இரண்டும் ஒரே சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து நிற்கும். அதனால் பறைச் சத்தத்தை மட்டும் 92-ல் எடுத்து அந்த 'டகடக'வின் அடியில் நுழைத்தேன். பறைக்கு எந்த கீயும் கிடையாது, யாரோடும் சண்டை போடாது. வேகம் குறையும் நாலு பாரை வெட்டி எறிந்துவிட்டு, சமத்தில் நேராகக் கடைசி கார்டை விழவைத்தேன். கார்டின் ஆவி அடங்க விட்டு, 2 கட்டையில் பாட்டு. மண்டபம் அதிர்ந்தது. பெண்ணின் தம்பி ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

மாமா மட்டும் கை கழுவிவிட்டு வந்து, "எல்லாம் சரி. அது மூச்சு வுடற இடத்த வெட்டிட்டியே தம்பி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த நாலு பார்தான் அந்த இசையிலேயே மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்த இடம்.

மூன்றாவது முறை, போன மாதம், வண்ணாரப்பேட்டையில். வேறு குடும்பம், அதே டிராக்கைக் கேட்டு வந்தார்கள். எதையும் வெட்டவில்லை. மாமாவின் பழைய செட்டில் பறை அடிக்கும் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் என் பக்கத்தில் நிறுத்தினேன். 'டகடக'வில் 92-ஐப் பிடித்தான். கிளிக் நின்ற இடத்தில் ஸ்பீக்கரைக் காதால் கேட்டுக்கொண்டே அவனும் இறங்கினான், நாலு பாரும் கூடவே அகலமானான், கார்டோடு சேர்ந்து ஒரே அடி. பிறகு ஒரு மூச்சு விட்டு, அவன் கழுத்து அசைவைப் பார்த்துத்தான் நான் பாட்டை விட்டேன்.

லேப்டாப்பில் அந்த ஃபைலுக்கு நேரே இன்னும் 138, 4ஏ என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு காலிக் கட்டம் உண்டு. அதில் எழுதி வைத்திருக்கிறேன்: 'கடைசி 4 பார் - பறைத் தம்பியைப் பார்.'